குளிர் கீழிருந்து வருகிறது

மூன்றாண்டுகளுக்கு முன், டிசம்பரில், எங்கள் பள்ளிச் சாரணர்களை ஏலகிரி மலைக்கு இரண்டு இரவு முகாமுக்கு அழைத்துச் செல்லத் திட்டமிட்டேன். கொண்டுவர வேண்டியவற்றைக் கரும்பலகையில் எழுதினேன்: உறக்கப்பை, ஸ்வெட்டர், முதுகுப்பை, டார்ச் விளக்கு. பெயர் கொடுத்திருந்த 24 பேரில் 7 பேர் மறுநாள் வந்து, "வீட்டுல வேலை இருக்கு சார், நாங்க வரல" என்றார்கள். ஏழு பேர் வீட்டிலும் ஒரே நாளில் எப்படி வேலை வந்தது? பட்டியலைத் திரும்பப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. உடனே அதை அழித்துவிட்டு, "வீட்டில் இருப்பதை மட்டும் எடுத்து வாருங்கள். புதிதாக எதுவும் வாங்கக் கூடாது" என்று எழுதினேன். 24 பேரும் வந்தார்கள்.

ஆனால் முதல் இரவு யாரும் சரியாகத் தூங்கவில்லை. தரையில் தார்பாய் விரித்து, ஆளுக்கு இரண்டு போர்வை போர்த்திப் படுத்திருந்தோம். நள்ளிரவுக்குப் பின் பலர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். "மேல குளிரல சார், முதுகுதான் ஜில்லுனு இருக்கு" என்றான் ஒரு மாணவன். வெப்பக் கடத்தல் பாடத்தை ஆண்டுதோறும் நடத்தும் எனக்கு அவன்தான் அதை விளக்கினான்!

உடல் வெப்பம் தொட்டுக்கொண்டிருக்கும் தரைக்குக் கடத்தப்படுகிறது. தார்பாய் ஈரத்தைத் தடுக்கும். மெல்லியது என்பதால் வெப்பத்தைத் தடுக்காது. போர்வை கதகதப்பாக இருப்பதற்குக் காரணம் அதன் இழைகளுக்குள் தங்கியிருக்கும் காற்று. காற்று எளிதில் வெப்பத்தைக் கடத்தாது. ஆகவே, உடலுக்கும் தரைக்கும் இடையே காற்றைப் பிடித்து வைக்கும் அடுக்குகள் வேண்டும்.

மறுநாள் கடைகளில் பழைய அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கினோம். தார்பாயின் மேல் பிரித்த அட்டை, அதன் மேல் செய்தித்தாள்கள், அதன் மேல் காலிச் சாக்கு, கடைசியில் கோரைப்பாய். இரண்டு போர்வையில் ஒன்றைப் பாயின் மேல் விரிக்கச் சொன்னேன். அன்றிரவு அனைவரும் தூங்கினார்கள். கூடுதல் செலவு ஏதும் இல்லை.

அதன்பின் நடத்திய முகாம்களில் கற்றுக்கொண்ட சிலவற்றையும் சொல்கிறேன்.

பகல் முழுக்க வியர்வையில் நனைந்த உடையுடன் படுக்கக் கூடாது. ஈரம் ஆவியாகும்போது உடல் வெப்பத்தையும் எடுத்துச் செல்லும். உலர்ந்த ஒரு சட்டையையும் காலுறையையும் இரவுக்கென்றே தனியாக வைத்திருக்கச் சொல்லுங்கள். தலைக்கு ஒரு துண்டு போதும். படுக்கும் முன் கடலை மிட்டாய் தாருங்கள். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

இரண்டு மரங்களுக்கிடையே கயிறு கட்டி, இன்னொரு தார்பாயைக் கூரைபோல் போட்டால் பனி இறங்காது. பட்ட கிளைகள் உள்ள மரத்தடியும் ஓடைப் படுகையும் வேண்டாம். எவ்வளவு குளிர்ந்தாலும் கூடாரத்துக்குள் கரி அடுப்போ நெருப்போ வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

தரையில் படுப்பவர்களுக்குக் கொசுவலை கட்டாயம் வேண்டும். வலையின் விளிம்பைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிட வேண்டும். இரவில் இரை தேடும் கட்டுவிரியன் படுக்கைக்குள் வராமல் தடுக்கவும் இது உதவும். அதன் கடி பெரும்பாலும் வலிக்காது. தடமும் தெளிவாகத் தெரியாது. எனவே சந்தேகம் எழுந்தாலே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். காலையில் காலணியைத் தட்டிப் பார்த்துத்தான் அணிய வேண்டும்.

முகாமுக்கு முன் வகுப்பறையிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரே அளவுள்ள இரண்டு பாட்டில்களில் வெந்நீர் நிரப்பி, ஒன்றை வெறும் தரையிலும் மற்றதை மடித்த சாக்கின் மேலும் படுக்கவையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையை மாணவர்களே அளந்து எழுதட்டும். எதை எடுத்து வர வேண்டும் என்ற பட்டியலை அவர்களே தயாரித்துவிடுவார்கள்.

எங்கள் பள்ளியில் இப்போது அப்படித்தான் பட்டியல் தயாராகிறது. அதில் கடையில் வாங்க வேண்டிய பொருள் எதுவும் இல்லை. அதன் பிறகு முகாம் நாளில் எந்த மாணவனுக்கும் வீட்டில் வேலை வந்ததில்லை.