முதலில் யாரை எடுப்பது?

மாட்டுங்கா, செம்பூரில் நம் பிள்ளைகள் சிலர் கற்பனைக் கால்பந்து ஆடுகிறார்கள். முறைவைத்து வீரர்களை எடுக்க வேண்டும்; நிஜ ஆட்டத்தில் அவர்கள் ஆடுவதற்கேற்பப் புள்ளி. கோல் அடிப்பவருக்கே எல்லோரும் முந்துகிறார்கள்.

2017 ஜூலை 23 அன்று மும்பையில் இந்தியன் சூப்பர் லீக் அணிகள் இப்படித்தான் வீரர்களைத் தேர்ந்தெடுத்தன. ஜாம்ஷெட்பூர் முதலில் எடுத்தது தடுப்பாட்டக்காரர் அனஸ் எடத்தொடிகாவை, சம்பளம் 1.10 கோடி ரூபாய்!

ரயில்வே கிடங்கில் எளிதில் கிடைக்காத உதிரிபாகத்தைத்தான் முதலில் வாங்கி வைப்போம். இங்கும் அதே கணக்கு. கோல் கீப்பர், தடுப்பு, நடுக்களம், முன்களம் என்று தனித்தனிப் பட்டியல் போடுங்கள். முதல் ஆளுக்கும் ஐந்தாம் ஆளுக்கும் எங்கே இடைவெளி அதிகமோ, அங்கே தொடங்குங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: இணையத்தில் பணம் கட்டி ஆடுவதை 2025இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றித் தடை செய்தது. கணக்கு போடட்டும், காசு வேண்டாம்.