ஃபிஸில் அவுட்... நம்ம ஊர் ‘புஸ்’தான்!

ஆரவாரமாகத் தொடங்கிய விஷயம் போகப் போகச் சத்தமில்லாமல் அடங்கிவிட்டால், பேச்சு ஆங்கிலத்தில் அது ‘ஃபிஸில் அவுட்’. சிவகாசி, ஆலங்குளம் பக்கம் இதற்கு அகராதியே வேண்டாம். ‘புஸ்ஸுனு போச்சு’ என்றால் புரிந்துவிடும். செய்திகளில் போராட்டம் ‘பிசுபிசுத்தது’ என்று வருமே, அதேதான்.

16-ம் நூற்றாண்டில் ‘ஃபிஸில்’ என்றால்... சத்தமில்லாமல் காற்றுப் பிரிவது! தோல்வி என்ற அர்த்தத்தை 1840-களில் பரப்பியவர்கள், பதில் தெரியாமல் திணறிய அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள்.

பேச்சில் ‘ஃபிஸில் அவுட்’ ஆனால் கதை முடிந்தது. பட்டாசில் அப்படியில்லை. திரி எரிந்து ‘புஸ்’ஸென்று நின்ற வெடி, உள்ளே கனன்று தாமதமாகவும் வெடிக்கலாம். குனிந்து பார்ப்பதோ, மறுபடி பற்றவைப்பதோ கூடவே கூடாது. குழந்தைகளைக் கிட்டே விடாமல், நேரம் கழித்து, தள்ளி நின்று ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிடுங்கள்.