ஊசி போடும் கைக்கும் ஒரு சோதனை

நீரிழிவு கண்ட தாய்க்கோ தந்தைக்கோ நாள்தோறும் இன்சுலின் ஊசி போடும் இளைஞர்களை இன்று நம் நாட்டின் எந்தத் தெருவிலும் காணலாம். 2023-ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வு, ஏறத்தாழ 10 கோடி இந்தியர் இந்நோயுடன் வாழ்வதாகக் கணக்கிட்டது.

சர்க்கரை ஏறுவதைக் கண்டே நாம் அஞ்சிப் பழகிவிட்டோம். அது இறங்குவது அதனினும் விரைவான ஆபத்து. ஏகாதசியன்று தாயார் உபவாசம் இருக்கிறார். ஊசியை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சற்று நேரத்தில் உடல் வியர்க்கிறது; கை நடுங்குகிறது; பேச்சுத் தடுமாறுகிறது. பட்டினிக் களைப்பென்று எண்ணிப் படுக்க வைப்பது பெருந்தவறு. இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போயிருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே பருகத் தரவேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்கவேண்டும். ‘நீரிழிவுக்காரருக்குச் சர்க்கரையா?’ என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பார்கள், தடுக்கட்டும். நினைவிழந்தவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றலாகாது. மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

இனி, ஊசி போடுகிறவரைப் பற்றிச் சிறிது. பெற்றோரின் நோய் தமக்கும் வந்தே தீரும் எனச் சோர்ந்திருப்போர் பலர். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் வகுத்து 2005-இல் வெளியிட்ட மதிப்பீட்டு முறை வேறு கதை சொல்கிறது. அதில் மொத்தம் 100 புள்ளிகள். 60-ஐ எட்டினால் அபாயம் மிகுதி. பெற்றோருள் ஒருவருக்கு நோயிருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. உடற்பயிற்சியும் உழைப்பும் இல்லாதவருக்கோ 30! ஆண்மகனின் இடுப்புச் சுற்றளவு 100 சென்டிமீட்டரை எட்டினால் மேலும் 20. பெண்களுக்கு அவ்வெல்லை 90. எஞ்சியது வயதுக்குரியது; 35 வயதுக்கு உட்பட்டோர்க்கு அது பூச்சியம். ஆகவே இருபெற்றோரும் நோயுற்ற, பருத்த, நாற்காலியை விட்டு எழாத இளைஞனுக்கு 70 புள்ளி. அவனே தவறாது உடற்பயிற்சி செய்து, இடுப்பை 90 சென்டிமீட்டருக்குக் கீழே கொணர்ந்தால் 40. தாயாருக்கு மருத்துவர் விதித்த நடையில் மகனும் உடன் செல்லலாமே!

தந்தையை இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும் காலையில், தாமும் வெறும் வயிற்றோடு சென்று கையை நீட்டுவது நன்று. 100 முதல் 125 வரை இருந்தால் நோயின் வாயில். 126-ம் அதற்கு மேலும் எனில், மறுமுறையும் சோதித்து மருத்துவர் நோயை உறுதி செய்வார். வீட்டுக் கருவியில் பார்ப்போர் ஒன்றை மறக்கலாகாது: விரலைக் குத்தும் முனை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே புதியதாக இருக்கவேண்டும்.