வெள்ளாற்று இறாலுக்குக் கணக்கு இருக்கிறதா?

திட்டக்குடியில் கடல் இல்லை. ஆனாலும் அங்கே ஆற்று மடுவில் ஒருவன் ராத்திரியோடு ராத்திரியாகப் பூச்சிமருந்தைக் கலந்தால், அந்த நஷ்டம் பரங்கிப்பேட்டையில் வலை இழுப்பவர் தலையிலும் விடியும்.

சேலம் பக்கத்து மலைகளில் பிறக்கும் வசிஷ்ட நதியும் சுவேத நதியும் சேர்ந்து வெள்ளாறாகி, தொழுதூர், திட்டக்குடி, பெண்ணாடம், சேத்தியாத்தோப்பு, புவனகிரி என்று இறங்கி, பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. தொழுதூரில் திருப்பிவிடும் தண்ணீர்தான் கீழ்ச்செருவாயில் உள்ள வெலிங்டன் ஏரியை நிரப்புகிறது. அதற்குக் கீழே பெலாந்துறை, சேத்தியாத்தோப்பு என்று மேலும் அணைக்கட்டுகள். நமக்கு அவை பாசனம். ஆற்று இறாலுக்கோ அவை ஏற முடியாத மதில். ஆற்று இறால் நன்னீரில் வாழ்ந்தாலும் அதன் குஞ்சுக்கு முதல் சில வாரம் உப்புக் கலந்த தண்ணீர் வேண்டும். முகத்துவாரத்தில் பிழைத்த குஞ்சு ஆற்றை எதிர்த்து மேலே ஏறி வந்தால்தான் மேலே இறால் உண்டு. கடலில் பிறக்கும் வெள்ளை இறாலின் கதை நேர் எதிரானது. அதன் குஞ்சு ஏற்றத் தண்ணீரோடு கழிமுகத்துக்குள் வந்து, சில மாதம் தின்று வளர்ந்து, கடலுக்குத் திரும்பும். இரண்டுக்கும் பொதுவான தொட்டில் வெள்ளாற்றின் கடைமடைதான்.

இந்த ஆற்றையும் ஏரியையும் கழிமுகத்தையும் நம்பிப் பிழைப்பவர்களுக்குச் சட்டத்தில் உரிமைகள் இருக்கின்றன. அந்த உரிமையைக் கேட்கப் போகும்போது கையில் கணக்கு இருப்பதில்லை என்பதுதான் சிக்கல். மீன் செத்தது என்று மனு கொடுத்தால், முன்பு எவ்வளவு இருந்தது என்று முதல் கேள்வி வரும். அந்த இடத்தில்தான் பலருடைய மனு படுத்துவிடுகிறது. மீனையும் நண்டையும் எண்ணுவது ஆராய்ச்சி மாணவர் பட்டம் வாங்குவதற்கான வேலை என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எண்ணுவது என்றால் எப்படி? பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரின ஆய்வு மையம் இருக்கிறது. பேராசிரியர் ஆர்.வி. சேஷையா முன்னின்று வளர்த்த நிறுவனம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக வெள்ளாற்று முகத்துவாரத்தையும் பிச்சாவரத்து அலையாத்திக் காட்டையும் பார்த்துவருகிறது. நாட்டிலேயே அதிகம் ஆராயப்பட்ட கழிமுகங்களில் வெள்ளாறும் ஒன்று. அங்கே செய்யும் வேலையின் அடிப்படை நண்டு வாங்கப் போகும் யாருக்கும் புரியக்கூடியதுதான்.

ஒரு நண்டைப் புரட்டிப் போடுங்கள். வயிற்றின் மேல் மடங்கிய மடல் ஒன்று தெரியும். அது ஒடுங்கிக் கூர்மையாக இருந்தால் ஆண். முக்கோணமாக இருந்தால் இன்னும் பருவத்துக்கு வராத பெண். அகன்று அரைவட்டமாக இருந்தால் முட்டையிடும் வயதுக்கு வந்த பெண். அந்த மடலுக்கு வெளியே பிதுங்கி நிற்பது சினை. முட்டை மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருந்தால் புதிது. பழுப்பாகிக் கறுத்திருந்தால் பொரிக்கப்போகிறது என்று அர்த்தம். ஒரு நீலக்கால் நண்டின் வயிற்றில் பல லட்சம் முட்டை இருக்கும். கறுத்த சினையோடு வலையில் வந்த நண்டு ஒரு நாள், இரண்டு நாள் தண்ணீரில் கிடந்திருந்தால் அத்தனையும் கடலில் கலந்திருக்கும்.

ஆய்வாளர் ஓட்டின் அகலத்தை அளக்கிறார், எடை போடுகிறார், ஆணா பெண்ணா, சினை உண்டா என்று குறிக்கிறார். இதை மாதாமாதம், வருஷக்கணக்காகச் செய்தால் இரண்டு விஷயம் தெரியும். எந்த அளவில் பெண் நண்டு முதல் முறை சினை பிடிக்கிறது, எந்த மாதத்தில் சினை அதிகம் வருகிறது. கரைக்கு வரும் பெண் நண்டில் பெரும்பகுதி முக்கோண மடலோடு வந்தால், ஒரு தடவைகூடக் குஞ்சு விடாத நண்டைத் தின்றுகொண்டிருக்கிறோம் என்று பொருள். மொத்த எடையை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. போன வருஷமும் நூறு கிலோ, இந்த வருஷமும் நூறு கிலோ. குறையே இல்லையே என்று தோன்றும். ஆனால் போன வருஷம் பத்து வலையில் வந்தது இந்த வருஷம் இருபது வலை போட்டு வந்திருக்கலாம். ஆகவே எத்தனை கிலோ என்பதோடு எத்தனை வலை, எத்தனை மணி நேரம் என்பதையும் எழுத வேண்டும். இதை எழுதாத கணக்கு ஏமாற்றும்.

கடலுக்கு இந்த வேலையை 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் செய்கிறது. எல்லாப் படகையும் எண்ண முடியாது என்பதால், மீன் இறங்கும் துறைகளில் சிலவற்றை, சில நாட்களை, சில படகுகளைத் தேர்ந்தெடுத்து அளந்து, அதிலிருந்து மொத்தத்தை மதிப்பிடுகிறார்கள். 2022-இல் 135 மீன் தொகுதிகளை ஆராய்ந்து, 91.1 விழுக்காடு நல்ல நிலையில் இருப்பதாக அந்த நிறுவனம் சொன்னது. நல்ல செய்திதான். ஆனால் அது கடல் மீன் பற்றிய செய்தி. துறைக்கு வராமல் கரையிலேயே விற்றுப்போகும் கழிமுக நண்டும், ஏரிக்கரையில் கூறு போட்டு விற்கும் கெண்டையும் கெளுத்தியும் அந்தக் கணக்கில் சேராது. உள்நாட்டு மீனுக்கு ஒழுங்கான கணக்கு இல்லை என்பது நெடுநாள் குறை.

கடலில் கணக்கு இருப்பதால்தான் விதியும் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அதற்கு மீனவர் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம். இழுவலை மடியின் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது. தமிழ்நாட்டின் 1983-ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் கீழ் வந்தவை இந்த விதிகள். சுருக்குமடியைத் தமிழ்நாடு 2000-லேயே தடை செய்தது. கடலூர் மாவட்டத்தில் அந்த வலையால் ஊருக்கும் ஊருக்கும் மூண்ட பகை உயிர்ப்பலி வரை போனது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று இடைக்கால அனுமதி தந்தது. கேரளம் இன்னும் ஒரு படி மேலே போய், 58 இனங்களை இன்ன அளவுக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்று நிர்ணயித்திருக்கிறது. தடைக்காலத்தின் மீது மீனவருக்கு ஆயிரம் வருத்தம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் சண்டை போடுவதற்காவது அங்கே ஒரு கணக்கு இருக்கிறது.

இனி திட்டக்குடிக்கு வருவோம். ஏரியிலும் ஆற்று மடுவிலும் மீன் மொத்தமாகச் செத்து மிதந்தால், என்ன காரணம் என்று முதலில் கண்ணாலேயே ஓரளவு படிக்கலாம். விடியற்காலையில், புழுக்கமும் மேகமூட்டமுமான நாளில், மீன்கள் வாயைப் பிளந்து மேல்மட்டத்தில் திணறிவிட்டுச் செத்தால், பெரும்பாலும் தண்ணீரில் பிராணவாயு குறைந்ததுதான் காரணம். அதில் பெரிய மீன் முதலில் போகும். விராலும் கெளுத்தியும் மேலே வந்து காற்றைக் குடிக்கத் தெரிந்தவை; அவை பெரும்பாலும் தப்பிக்கும். மாறாக, நேரங்காலம் இல்லாமல் சின்ன மீன், பெரிய மீன் எல்லாம் செத்து, விராலும் கூடவே மிதந்தால் விஷத்தைச் சந்தேகியுங்கள். இறாலும் நண்டும் தண்ணீர்ப் பூச்சிகளும் மீனுக்கு முந்திச் செத்துக் கிடந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும். வயலுக்கு அடிக்கும் பல பூச்சிமருந்துகள் மீனைவிட இறால் இனத்தைச் சீக்கிரம் கொல்லும். பூச்சியும் இறாலும் உறவுக்காரர்கள் அல்லவா!

மருந்து வைத்துப் பிடித்த மீனைத் தின்பதும் ஆபத்து. குழம்பில் கொதித்தால் மருந்து போய்விடும் என்று நம்ப வழியில்லை. பொழுது விடியும் முன்பே கூடை நிறைய மீனை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடப் பார்க்கிறவரிடம் எங்கே பிடித்தது என்று கேளுங்கள். கொக்கி போட்டு மின்சாரம் பாய்ச்சிப் பிடிப்பது இன்னொரு கொடுமை. குஞ்சு குளுவான் ஒன்றும் மிஞ்சாது, பிடிப்பவனும் சில நேரம் மிஞ்சுவதில்லை. அது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்படி மின் திருட்டும்கூட. வெடியும் விஷமும் வைத்து மீன் பிடிப்பது 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்தின்படியே குற்றம். வெள்ளைக்காரன் அன்றைக்கு எழுதிய தண்டனை இரண்டு மாதச் சிறை அல்லது 200 ரூபாய் அபராதம். இன்றைக்கு அந்த 200 ரூபாயை நினைத்துப் பயப்படுகிறவர் யார்?

மீன் சாவைப் பார்த்தவர் கையாலாகாமல் நிற்க வேண்டியதில்லை. முதலில் படம், நாளும் நேரமும் தெரியும்படி, இடம் அடையாளம் தெரியும்படி. அந்தத் தண்ணீராலேயே அலசிய சுத்தமான பாட்டில்களில் தண்ணீர். செத்த இடத்திலும், ஆற்றில் அதற்கு மேலேயும் எடுப்பது நல்லது. சற்று முன் செத்த சில மீனையும் இறாலையும் ஐஸில் வையுங்கள். அழுகிய மீனிலிருந்து எதையும் நிரூபிப்பது கடினம். எந்த இனம், எத்தனை, என்ன நீளம் என்று தாளில் குறித்து இரண்டு பேர் கையெழுத்துப் போடுங்கள். மீன்வளத் துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் வருவாய்த் துறைக்கும் அன்றைக்கே தகவல் போக வேண்டும். அவர்களே வந்து மாதிரி எடுத்தால்தான் ஆய்வு முடிவுக்கு வழக்கில் பலம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

அதற்கு மேல் போக வேண்டுமானால் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறது. தென்மண்டல அமர்வு சென்னையில். 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சுற்றுச்சூழல் பிரச்சினை எழுந்த ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடரலாம்; இழப்பீடு கேட்க ஐந்து ஆண்டு அவகாசம். இழப்பீடு கேட்டால் கேட்கும் தொகையில் ஒரு விழுக்காடு கட்டணம், குறைந்தது 1,000 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு அதுவும் இல்லை. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் வைத்துத் தரும். அதற்கான எண் 15100.

வழக்கு எதில் நிற்கிறது என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. கடற்கரை இறால் பண்ணைகளை எதிர்த்துக் காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருந்த பண்ணைகளை அகற்றவும், மாசு செய்தவரே இழப்பீடு கொடுக்கவும் உத்தரவானது. அந்த வழக்கில் பேசியவை நாக்பூரில் உள்ள நீரி என்ற சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனம் நேரில் பார்த்து எழுதிய அறிக்கைகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூரில் எண்ணெய் பரவியபோது மீனவர் குடும்பத்துக்கு 12,500 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது. படகில் போனவருக்கும் ஆற்றில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடித்தவருக்கும் போனது ஒன்றா? ஒரே தொகையில் அந்த வேறுபாடு தெரிய வழியில்லை.

பிச்சாவரத்து இருளர்கள் அப்படிக் கையால் தடவிப் பிடிப்பவர்கள்தான். வலையும் படகும் இல்லாததால் மீனவர் கணக்கிலும் எளிதில் வர மாட்டார்கள். அங்குள்ள அலையாத்திக் காடு காப்புக்காடு. 2022 முதல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் உள்ளது. காடு என்பதாலேயே அவர்களுக்கு உரிமை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(1)(ஈ) பிரிவு நீர்நிலைகளின் மீன் உள்ளிட்ட விளைபொருள் மீதான சமூக உரிமையை ஏற்கிறது. அந்த உரிமையைக் கிராம சபை வழியாகக் கோர வேண்டும். எந்த ஓடையில், எந்த மாதத்தில், எவ்வளவு காலமாகப் பிடிக்கிறோம் என்ற பதிவு அங்கே பெரிய துணை.

ஏரி, குளம், ஆற்றில் பிடிப்பவர்கள் மீனவர் நல வாரியத்தில் பதிந்துகொள்ளலாம். மத்திய அரசின் மீனவர் குழு விபத்துக் காப்பீட்டில் இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் 5 லட்சம் ரூபாய், பகுதி ஊனத்துக்கு இரண்டரை லட்சம். உள்நாட்டு மீனவருக்கும் இது பொருந்தும். வாரியமோ, மீனவர் கூட்டுறவுச் சங்கமோ, இரண்டிலும் பெயர் இல்லாதவர் அரசின் கண்ணுக்கு மீனவரே அல்ல.

கணக்கை நாமே தொடங்குவதற்கு நாற்பது பக்க நோட்டு போதும். நாள், இடம், என்ன வலை, எத்தனை மணி நேரம், எந்த மீன் எத்தனை கிலோ, பத்து மீனின் நீளம், நண்டென்றால் ஆண், பெண், சினை. கரைக்கு நாலு பேர் வீதம் எழுதினால் ஒரு வருஷத்தில் அது ஆவணம். பல்கலைக்கழகத்துக்காரர் வந்தால் காட்டுங்கள். அவர்கள் எடுத்துப்போன கணக்கின் முடிவை ஊருக்குத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். ஆய்வு மையங்களின் மீது எனக்குள்ள ஒரே மனத்தாங்கல் அதுதான். ஆற்றங்கரையில் எடுத்த அளவெல்லாம் ஆங்கிலப் பத்திரிகையில் கிடக்கிறது; அளந்து கொடுத்தவர் அதைப் பார்த்ததில்லை.

அரசிடம் உள்ள கணக்கைக் கேட்கத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வெலிங்டன் ஏரியைப் பற்றி மீன்வளத் துறையிடம் கேளுங்கள்: கடந்த ஐந்து ஆண்டில் விட்ட குஞ்சுகள் எந்த இனம், எத்தனை, பிடித்த மீன் ஆண்டுக்கு எவ்வளவு, குத்தகை யாருக்கு, என்ன நிபந்தனை, மீன் இறப்பு குறித்து வந்த புகார்கள் எத்தனை, எடுத்த நடவடிக்கை என்ன. முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.