குறைந்த வட்டி யார் வீட்டில் குறைந்தது?

வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியான ரெப்போ விகிதத்தை ரிசர்வ் வங்கி எப்படி முடிவு செய்கிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். அது இறங்குவது நாட்டுக்கு நல்லதா, கெடுதலா? அமெரிக்க மத்திய வங்கி 2003-ல் வட்டியை 1 சதவீதத்துக்கு இறக்கியதுதான் வீட்டுமனை வெறியை வளர்த்து 2008 நெருக்கடியில் கொண்டுபோய் விட்டது என்கிறது ஒரு தரப்பு. ஜப்பானில் ஆண்டுக்கணக்கில் வட்டி பூஜ்யத்தை ஒட்டியே கிடந்தும் விலைவாசி ஏறவில்லையே என்கிறது இன்னொரு தரப்பு. இரு தரப்பும் காட்டும் நிகழ்வுகள் நடந்தவைதான். ஆனால் மலையடிவாரத்தில் நெல்லும் தென்னையுமாக இருக்கும் வ. புதுப்பட்டி போன்ற ஊருக்கு இந்த வாதம் வேறு மாதிரி வந்து சேர்கிறது. வட்டி குறையும்போது அதன் நஷ்டம் சேமிப்பவர் வீட்டுக்கு நேராக வந்துவிடுகிறது. லாபமோ கடன் வாங்கும் ஏழை வீட்டுக்கு வராமல் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. என் வாதம் இதுதான்.

2020 மார்ச்சில் 5.15 சதவீதமாக இருந்த ரெப்போ, மே மாதம் 4 ஆனது. 2022 மே வரை அங்கேயே நின்றது. பாரத ஸ்டேட் வங்கியில் ஓராண்டு டெபாசிட் வட்டி 2020-ல் 4.9 சதவீதம் வரை இறங்கியது. 2020-21-ல் விலைவாசி ஏறியதோ 6.2 சதவீதம். ராஜபாளையத்தில் மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பி.எஃப். பணம் 5 லட்சத்தை வங்கியில் போட்டிருந்தால், 2014-ல் 9 சதவீதத்தில் மாதம் 3,750 ரூபாய் வந்திருக்கும். 2020-ல் சுமார் 2,040. அதோடு முடியவில்லை. அந்த ஆண்டு விலைவாசி அவருடைய முதலிலிருந்து 31,000 ரூபாய் மதிப்பைத் தின்றது. வட்டியாக வந்தது 24,500. ஒரு பைசா எடுத்துச் செலவழிக்காமலே அவர் 6,500 ரூபாய் இழந்தார்.

கடன் பக்கம் என்ன ஆனது? புதிய வீட்டுக் கடன்கள் 2019 அக்டோபரிலிருந்து பெரும்பாலும் ரெப்போவோடு கட்டப்பட்டதால் தவணை இறங்கியது. மில்களுக்கும் வட்டி குறைந்தது. ஆனால் பட்டா வைத்திருக்கும் விவசாயிக்குக் கூட்டுறவு சங்கப் பயிர்க்கடன், தவணை தவறாமல் கட்டினால் ஏற்கெனவே வட்டி இல்லாததுதான். பட்டா இல்லாத குத்தகைக்காரருக்கும் களையெடுக்கப் போகும் பெண்ணுக்கும் கிடைப்பது வட்டி 20 சதவீதத்துக்கு மேல் போகும் நுண்கடன் நிறுவனங்களின் குழுக் கடன். அதுவும் இல்லையென்றால் ரெண்டு வட்டி, ஆண்டுக்கு 24. ரெப்போ 4 ஆனாலும் 6.50 ஆனாலும் இவர்கள் வாரத் தவணையில் பெரிய மாற்றம் இல்லை.

அன்று வட்டியைக் குறைக்காமல் விட்டிருந்தால் மில்லே மூடியிருக்குமே, வேலை போனபின் டெபாசிட் வட்டி எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2020 ஏப்ரல்-ஜூனில் நாட்டின் உற்பத்தி 23 சதவீதத்துக்கு மேல் சரிந்தது, குறைத்தது சரியே. தவறு, விலைவாசி ஏறிய பின்னும் அதை அங்கேயே வைத்திருந்ததில். 2022 ஏப்ரலில் பணவீக்கம் 7.79 சதவீதத்தைத் தொட்ட பிறகுதான் முதல் உயர்வு வந்தது. பங்குச் சந்தைக்குப் போயிருக்கலாமே என்பது இன்னொரு பதில். மாத வட்டியில் மருந்து வாங்குகிறவரிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வராது. விகிதம் எத்தனை என்பதல்ல, விலைவாசிக்கும் அதற்கும் இடைவெளி எவ்வளவு என்பதே கேள்வி: 2025 அக்டோபரில் ரெப்போ 5.50, பணவீக்கம் வெறும் 0.25, அந்த மாதம் சேமிப்பவர் நஷ்டப்படவில்லை.

சேமிப்பவருக்கு ஒரு தடுப்பாவது உண்டு, அரசின் சிறுசேமிப்புத் திட்டங்கள். 2021 மார்ச் 31 இரவு அவற்றின் வட்டிகளைக் குறைத்து அறிவித்த மத்திய அரசு, மறுநாள் காலையே அதைத் திரும்பப் பெற்றது. அதனால் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் 7.4 சதவீதம் தப்பியது. அரசுக்கு இதில் செலவு உண்டுதான். ஆனால் முதலீட்டுக்கு உச்சவரம்பு இருப்பதால் அது எல்லை மீறாது. குழுக் கடன் வாங்கும் பெண்ணுக்கு இப்படி ஒரு தடுப்பும் இல்லை. நுண்கடன் நிறுவனங்களுக்கு இருந்த வட்டி உச்சவரம்பை ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலிலிருந்து எடுத்தேவிட்டது. அதை ஏன் எடுத்தார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)