ரேம் வாங்கப் போறீங்களா... மதர்போர்டைக் கேட்டீங்களா?

'க்ரோம்ல நாலு டேப் திறந்தாலே சிஸ்டம் திணறுது. 8 ஜிபி ரேம் ஒண்ணு வாங்கிப் போட்டுட வேண்டியதுதான்!' பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பலர் எடுக்கும் முடிவு இது. நல்ல முடிவுதான். ஆனால், ஆர்டர் போடும் முன் அந்த ரேம் உங்கள் மதர்போர்டுக்குப் பொருந்துமா என்று பார்த்துவிடுங்கள் பாஸ்.

அதற்கும் முன்னால், பிரச்னை ரேம்தானா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரி 85, 90 சதவிகிதத்திலேயே நின்றால் ரேம் போதவில்லை. மெமரி பாதி காலியாக இருந்து, டிஸ்க் மட்டும் 100-ஐத் தொடுகிறதா? பழைய ஹார்டு டிஸ்க்தான் வில்லன். அந்தக் காசுக்கு எஸ்எஸ்டி வாங்குங்கள்.

ரேம்தான் என்றால், எந்தத் தலைமுறை என்று பாருங்கள். டெஸ்க்டாப் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்குமே 288 பின்கள். தூரத்தில் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால், கீழே இருக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று போகாது. போகலையேன்னு அழுத்தினால் ஸ்லாட் உடையும், அப்புறம் போர்டே போச்சு. லேப்டாப் ரேம் இன்னும் குட்டையானது. கடைக்குப் போவதாக இருந்தால், பழைய ஸ்டிக்கைக் கழற்றிக் கையோடு எடுத்துட்டுப் போறது பெஸ்ட்.

அடுத்து, போர்டு எவ்வளவு தாங்கும்? ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடினால் மதர்போர்டின் மாடல் பெயர் கிடைக்கும். அதைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டால் உச்ச அளவும், சோதித்துப் பார்த்த ரேம்களின் பட்டியலும் இருக்கும். உதாரணமாக, பழைய ஆபீஸ் டெஸ்க்டாப்களில் இருக்கும் இன்டெல் ஹெச்61 போர்டுகளில் இரண்டே ஸ்லாட். அதிகபட்சம் 16 ஜிபி, அதுவும் டிடிஆர்3. இந்த டிடிஆர்3-ல்தான் ஒரு பொறி இருக்கு. ஆன்லைனில் படு சீப்பாக வரும் சில 8 ஜிபி ஸ்டிக்குகளின் விவரத்தில், பொடி எழுத்தில் 'ஏஎம்டி ஒன்லி' என்று இருக்கும். இன்டெல் போர்டில் அச்சாகப் பொருந்தும், ஆனால் வேலை செய்யாது!

வேகம் அவ்வளவு தலைவலி இல்லை. 2666 ரேமோடு 3200-ஐச் சேர்த்தால், பொதுவாக இரண்டும் 2666-லேயே ஓடும். விண்டோஸ் 32-பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் பயனில்லை. ஆப்பிள் எம்1 மேக்புக் ஏர் போன்ற மெல்லிய லேப்டாப்களில் வாங்கும்போது இருந்த ரேம்தான் கடைசி வரை.

மாட்டும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள். டிடிஆர்5 என்றால் முதல் தடவை திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம், பதறாதீங்க. ஆன் ஆனதும் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' ஓட்டிப் பாருங்கள். எரர் காட்டினால் ஸ்டிக்கைக் கழற்றி மறுபடி சரியாக மாட்டி, இன்னொரு முறை ஓட்டுங்கள். அப்பவும் எரர்னா, ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் பில்லோடு திருப்பிக் கொடுத்துடுங்க.