கிரில் அடுப்பும் நம் மளிகைக் கடையும்



சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில், என்னிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் கையில் ஒரு பொட்டலத்தோடு வந்தார். பிரித்துப் பார்த்தால் பாதி கருகிப்போன பட்டர் பேப்பர். அவர் கடையில் இருபது வருடமாக மாதச் சாமான் வாங்கும் ஒரு அம்மா, புதிதாக வாங்கிய ஓவனில் பன்னீர் சுடுவதற்காக அந்தக் காகிதத்தைத் தட்டில் விரித்திருக்கிறார். மேல் கம்பி சிவந்த சிறிது நேரத்தில் காகிதத்தின் ஓரம் பற்றிக்கொண்டது. நல்லவேளையாக அவர் பதறிக் கதவைத் திறக்கவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு நின்றார், தீ தானாக அடங்கிவிட்டது. பன்னீரும் தட்டும் போனதோடு சரி.

"ஓவனுக்கு ஆகும்னு நீங்க சொன்னதாலதான் கொடுத்தேன், அண்ணாச்சி" என்றார் கடைக்காரர். உண்மைதான், சொன்னது நான். அந்த உறையில் என்ன அச்சடித்திருக்கிறது என்று ஒரு நாளும் படித்தது கிடையாது. நாற்பது வருடமாகப் பருப்பும் மிளகாயும் விற்றவனுக்குக் காகிதத்தைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பணத்தைத் திருப்பிக் கொடுத்து, தட்டுக்கும் சேர்த்துக் கொடுத்தனுப்பினேன். அதன் பிறகு மகள் வீட்டு ஓவனில் பல ஞாயிற்றுக்கிழமைகள் நானே நின்று பார்த்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஓவன் என்று நாம் பொதுவாகச் சொல்லும் பெட்டியில் இரண்டு வேலை இருக்கிறது. கீழ்க் கம்பியும் மேல் கம்பியும் காய்ந்து, உள்ளே இருக்கும் காற்று முழுவதும் சூடாகி, கேக்கும் பன்னும் வேகுவது ஒன்று. மேல் கம்பி மட்டும் நெருப்புத் துண்டு போலச் சிவந்து, கீழே இருக்கும் பண்டத்தின் மீது நேராக அனல் அடிப்பது இன்னொன்று. கரியடுப்பைத் தலைகீழாகத் தொங்கவிட்டது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை நாம் கிரில் என்கிறோம். அமெரிக்காவில் பிராய்லர் என்பார்கள்.

பிராய்லர் என்றதும் நமக்குப் பல்லடத்துக் கோழிதான் ஞாபகம் வரும். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு. இளங்கோழியின் கறி மெத்தென்று இருக்கும். நேர் அனலில் சீக்கிரம் சுட்டுத் தின்னத் தோதானது என்பதால்தான் அந்தக் கோழிக்கே அந்தப் பெயர் வந்தது. முட்டையிட்டு ஓய்ந்த கோழியை இந்த அனலில் வைத்தால் மேலே கருகும், உள்ளே ரப்பராக இழுக்கும். அது குழம்புக்குத்தான் லாயக்கு. கிரில்லில் எது நன்றாக வரும், எது வராது என்பதற்கு இந்த ஒரு கோழிக் கணக்கே போதும். மெல்லியதாக, இளசாக, தனக்குள் ஈரமும் மேலே கொஞ்சம் எண்ணெய்ப் பசையும் உள்ள பண்டம் வரும். ஒரு அங்குலத்துக்கு மேல் கனம் உள்ளதும், நெடுநேரம் வெந்தால்தான் பதமாகும் என்பதும் வராது.

முதலில் நம் கடைச் சரக்கான அப்பளம். எண்ணெய் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அப்பளத்தையே நிறுத்திவிட்ட குடும்பங்கள் எத்தனை என்று உங்கள் கணக்கு நோட்டைப் பார்த்தாலே தெரியும். உளுந்து அப்பளத்தை இரண்டு பக்கமும் விரல் நுனியால் எண்ணெய் தடவி, ஐந்து நிமிடம் முன்னதாகவே காயவைத்த கிரில்லின் கீழ் வைத்தால், ஒரு நிமிடத்துக்குள் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிடும். கண்ணை எடுக்கக் கூடாது. திரும்பிப் பார்ப்பதற்குள் கரியாகிவிடும். பொரித்த அப்பளத்தின் மொறுமொறுப்பு இதில் முழுமையாக வராது என்பதையும் சொல்லித்தான் விற்க வேண்டும். கரி அனலில் சுட்ட அப்பளத்தின் ருசி தெரிந்த வயதானவர்களுக்கு இது மிகவும் பிடிக்கிறது. உப்பும் அப்பளக்காரமும் அதில் இருக்கத்தான் செய்யும். ஆகவே இரத்த அழுத்தக்காரர்களிடம் "எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடுங்கள்" என்று நாம் வைத்தியம் சொல்ல வேண்டாம்.

அடுத்தது பன்னீர். நம் வியாபாரத்துக்கு உண்மையான லாபம் இதில்தான் இருக்கிறது, பன்னீரை விற்பதால் அல்ல. சூடான பாலை எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பு விட்டுத் திரித்து எடுப்பதால் பன்னீர் சூட்டில் உருகி ஓடாது, முனை சிவந்து துண்டாகவே நிற்கும். பீட்சாவுக்குப் போடும் மொசரெல்லா அப்படி அல்ல, உருகி நூல் இழுக்கும். ஆகவே பன்னீர் கிரில்லுக்கென்றே பிறந்தது போன்ற பண்டம். அதைத் தடவி ஊறவைக்கக் கெட்டித் தயிர் வேண்டும், வறுத்த கடலை மாவு வேண்டும், காஷ்மீர் மிளகாய்த் தூள், கரம் மசாலா, கசூரி மேத்தி, ஆம்சூர், கடுகு எண்ணெய், இஞ்சி பூண்டு விழுது வேண்டும். ஒரு பாக்கெட் பன்னீர் கேட்டு வந்தவர் தயிரை விட்டு ஏழு சாமான் நம் கடையில் எடுக்க வேண்டியிருக்கிறது. ஏழும் ஒரே இடத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தால் பெரிய கடைக்குப் போகமாட்டார்.

இதில் மிளகாயைப் பற்றி ஒரு வார்த்தை. நிறம் வேண்டும் என்பதற்காக நம் ராமநாதபுரம் குண்டு மிளகாயை அள்ளிப் போட்டால் வாயில் வைக்க முடியாது. காஷ்மீர் மிளகாய் அல்லது பேடகி மிளகாய்தான் இதற்கு. நிறம் அதிகம், காரம் குறைவு. எந்தத் தூளானாலும் தயிரிலோ எண்ணெயிலோ குழைத்துத்தான் பூச வேண்டும். உலர்ந்த தூளை மேலே தூவினால் அனல் பட்டதும் கருகிக் கசக்கும், வீடு முழுக்க இருமல்.

மீன் நம் கடையில் இல்லை, மீன் வறுவல் மசாலா இருக்கிறது. அயிலையும் மத்தியும் தமக்குள்ளேயே எண்ணெய் உள்ள மீன்கள், கிரில்லில் அருமையாக வருகின்றன. ஆனால் பாக்கெட் மசாலாக்களில் பலவற்றில் அரிசி மாவோ சோள மாவோ சேர்ந்திருக்கும். அது எண்ணெயில் பொரிப்பதற்காகச் சேர்த்தது. எண்ணெய் விடாமல் கிரில்லில் வைத்தால் மாவு வெள்ளை வெள்ளையாகப் பச்சை வாசனையோடு நிற்கும். வைக்கும் முன்பும் திருப்பும்போதும் எண்ணெய் தடவச் சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் "உங்க மசாலா சரியில்லை" என்று பழி நம் மேல்தான் விழும்.

காய்களில் கத்தரிக்காய், தக்காளி, குடைமிளகாய், வெங்காயம், இளம் சோளக்கதிர் எல்லாம் வருகின்றன. முழுக் கத்தரிக்காயைவிட இரண்டாகப் பிளந்து வைத்தது சீக்கிரம் வெந்து, கொத்சுக்கு அந்தச் சுட்ட வாசனையும் கிடைத்தது. உருளையும் சர்க்கரைவள்ளியும் முக்கால் பதம் வெந்த பிறகுதான். அன்னாசித் துண்டின் மேல் நாட்டுச் சர்க்கரை தூவி வைத்தேன், பேரப்பிள்ளைகள் தட்டை வழித்து நக்கினார்கள். ரொட்டியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

எண்ணெய் கேட்பார்கள். வெண்ணெயில் உள்ள பாலின் திடப்பொருள் சீக்கிரம் கருகும், நெய் தாங்கும். செக்கு நல்லெண்ணெய் சீக்கிரமே புகையும். சுத்திகரித்த கடலை எண்ணெய், தவிட்டு எண்ணெய் இரண்டும் சூடு தாங்கும். எதுவானாலும் தடவும் அளவுதான். தட்டில் எண்ணெய் தேங்கினால் அதுவே தீப்பிடிக்கக் காரணமாகிவிடும்.

இப்போது அந்தக் காகிதம். பட்டர் பேப்பர் என்ற ஒரே பெயரில் இரண்டு சரக்கு நம்மிடம் வருகிறது. ஒன்று எண்ணெய் ஒட்டாத வெறும் காகிதம், பண்டம் சுற்றிக் கொடுக்க மட்டும். மற்றது சிலிக்கான் பூச்சுள்ள பேக்கிங் பேப்பர். பின்னதற்கே சுமார் 220 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. கேக்குக்கு அது போதும். ஆனால் சிவந்து ஒளிரும் கம்பியின் சூடு 500 டிகிரிக்கு மேல். இரண்டு மூன்று அங்குலத் தூரத்தில் சுருண்டு எழும்பும் காகித ஓரம் என்ன ஆகும்? ஆகவே கிரில்லுக்கு எந்தக் காகிதமும் ஆகாது. அலுமினியத் தாள் ஆகும், கம்பியில் படாமல் இருந்தால். அதிலும் தக்காளி, புளி, எலுமிச்சை, தயிர் பட்டால் தாள் அரிக்கும். அதற்கு ஸ்டீல் தட்டோ ஓவனோடு வந்த தட்டோதான் நல்லது. கண்ணாடிப் பாத்திரம் திடீர் சூட்டில் வெடிக்கலாம். "மைக்ரோவேவுக்கு ஏற்றது" என்று போட்ட பிளாஸ்டிக் டப்பா உருகிவிடும். அது வேறு வகை அடுப்பு. மூங்கில் குச்சி விற்றால் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்லிக் கொடுங்கள்.

கொள்முதலில் ஒரு எச்சரிக்கை. கசூரி மேத்தியும் காஷ்மீர் மிளகாய்த் தூளும் விலை மலிவாகக் கிடைக்கிறது என்று மூட்டையாக வாங்கி வைக்க வேண்டாம். முன்னது வாசனை போகும், பின்னது வெளிச்சம் பட்டு நிறம் வெளுக்கும். இரண்டு மாதத்தில் ஓடக்கூடிய அளவு எடுத்தால் போதும். பிரித்துச் சிறு பாக்கெட்டாகக் கட்டி விற்பவர்கள் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமம் அல்லது பதிவு எண்ணும், கட்டிய தேதியும் போட்டே கட்டுங்கள்.

என் கடையில் இப்போது அந்த இரண்டு காகிதத்தையும் தனித்தனி அலமாரியில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கட்டின் மேலும் "கிரில்லுக்கு ஆகாது" என்று பையன் கையால் எழுதி ஒட்டியிருக்கிறது. அந்த அம்மா பட்டர் பேப்பர் பக்கம் திரும்புவதே இல்லையாம். மாதம் தவறாமல் அப்பளமும் கசூரி மேத்தியும் மட்டும் எடுக்கிறார் என்று கடைக்காரர் சொன்னார்.